லைஃப்டைம் வாரண்டி என்றால் யாருடைய ஆயுசு?

எங்கள் வீட்டுத் தெற்குச் சுவரில், தோட்டக் குழாய்க்குப் பக்கத்தில், சைடிங் பலகையின் அடி ஓரத்தை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. டீயில் கொஞ்ச நேரம் கூடுதலாக முக்கிவிட்ட ரஸ்க் மாதிரி இருந்தது உள்ளே. வெளியே பெயிண்ட் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல நின்றது.

வட கரோலினாவில், ராலேயை ஒட்டிய கேரி என்ற ஊரில், 1994-ல் கட்டிய வீடு. அந்தக் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ஹார்ட்போர்டு சைடிங்தான் போட்டார்கள். மரநாரை அழுத்திச் செய்த பலகை அது. ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம்: இங்கே வீடு மரச்சட்டத்தில் நிற்கிறது. சட்டத்துக்கு மேல் ஒரு பலகை, அதற்கு மேல் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் தாள், அதற்கும் மேல் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் பலகை வரிசை. மழையையும் வெயிலையும் தாங்குகிற அந்தக் கடைசி வரிசைதான் சைடிங். அது போனால் பின்னாலேயே சுவரும் போகும்.

மூன்று காண்ட்ராக்டர்களைக் கூப்பிட்டோம். ஒருவர் வினைல் எனப்படும் பிளாஸ்டிக் பலகை சொன்னார், ஒருவர் சிமெண்டோடு மரநார் கலந்த ஃபைபர் சிமெண்ட், ஒருவர் எஞ்சினியர்டு வுட் எனப்படும் பதப்படுத்திய மரப்பலகை. மூன்று கொட்டேஷனிலும் வாரண்டியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: வினைலுக்கு லைஃப்டைம், மரப்பலகைக்கு 50 வருடம், ஃபைபர் சிமெண்டுக்கு 30 வருடம். விலையிலும் வினைல்தான் மலிவு. அப்படிப் பார்த்தால் யோசிக்க என்ன இருக்கிறது? நானும் முதல் நாள் யோசிக்கவில்லை. வாரண்டியின் முழுப் பிடிஎஃப்பையும் அனுப்பச் சொல்லி, சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்துப் படித்த பிறகுதான் அந்த மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை என்று புரிந்தது.

முதலில் அந்த 'லைஃப்டைம்'. அமெரிக்காவில் வாரண்டி விளம்பரங்களுக்கு எஃப்டிசி என்ற மத்திய வணிக ஆணையத்தின் வழிகாட்டுதல் உண்டு. லைஃப்டைம் என்று சொன்னால் யாருடைய, எதனுடைய ஆயுள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. வினைல் வாரண்டிகளில் பெரும்பாலும் வீட்டின் முதல் சொந்தக்காரர் அந்த வீட்டை வைத்திருக்கும் வரை என்று அர்த்தம். விற்றுவிட்டால் அடுத்தவருக்கு ஒரே ஒரு தடவை மாற்றித் தரலாம். அந்த நிமிடமே லைஃப்டைம் போய், போட்ட தேதியிலிருந்து கணக்கிடும் 50 வருட வாரண்டியாகிவிடும், அதுவும் வருடத்துக்கு வருடம் தேய்கிற வாரண்டி. வாங்குபவர் குறிப்பிட்ட நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதித் தெரிவிக்காவிட்டால் அதுவும் இல்லை. வாடகைக்கு விட்ட வீடு, கம்பெனி பெயரில் உள்ள வீடு என்றால் ஆரம்பத்திலிருந்தே லைஃப்டைம் கிடையாது என்று எழுதிய வாரண்டிகளும் உண்டு.

"ஏங்க, நம்ம இந்த வீட்ல இன்னும் எத்தனை வருஷம் இருப்போம்?" என்று வீட்டில் கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலேயே லைஃப்டைம் காலி. இங்கே நம் ஆட்கள் ஒரு வீட்டில் எவ்வளவு காலம் இருக்கிறார்கள்? வேலை மாறும், பள்ளிக்கூடம் மாறும், பிள்ளைகள் காலேஜ் போனதும் வீடு பெரிதாகத் தெரியும். எட்டு வருடம் என்று வைத்துக்கொண்டோம். அப்படியானால் எனக்கு முக்கியம் அந்த எட்டு வருடத்துக்குள் என்ன நடக்கும் என்பதும், விற்கும்போது வாங்குபவர் கையில் என்ன மிஞ்சும் என்பதும்தான்.

அடுத்து, தேய்மானக் கணக்கு. இதைப் பலரும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். நான் பார்த்த மரப்பலகை எல்பி கம்பெனியின் ஸ்மார்ட்சைடு. அதன் வாரண்டியை '5/50' என்பார்கள். முதல் 5 வருடம் பலகையும் கூலியும் சேர்த்து. அதன் பிறகு பலகைக்கு மட்டும், அதுவும் குறைந்துகொண்டே வரும். மிச்சமிருக்கும் 45 வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்குச் சுமார் 2.2 சதவீதம் தேயும். ஜேம்ஸ் ஹார்டி ஃபைபர் சிமெண்டின் 30 வருடம் தேய்மானம் இல்லாதது. வீடு கைமாறினாலும் தொடரும்.

ஒரு கணக்குக்கு, பதினைந்தாவது வருடம் ஒரு சுவரை மாற்ற 6,000 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பலகை 2,500, கூலி 3,500. எஞ்சினியர்டு வுட் என்றால் பத்து வருடத் தேய்மானம் 22 சதவீதம் போக 1,950 டாலர் கிடைக்கும். ஃபைபர் சிமெண்டில் கம்பெனி பலகையை மட்டும் மாற்றித் தந்தால் 2,500. வித்தியாசம் 550 டாலர்தான். இரண்டிலும் கூலி 3,500 என் பாக்கெட்டிலிருந்து. சில வாரண்டிகளில் இன்றைய விலை கூட அல்ல, வாங்கியபோது கொடுத்த விலைதான் கணக்கு. ஆகவே 50-ஆ 30-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் கிடைக்கும் லாபம் சில நூறு டாலர். கூலியை யார், எத்தனை வருடம் ஏற்கிறார் என்பதில்தான் பணம் இருக்கிறது. மரப்பலகையின் அந்த முதல் 5 வருடம் அதனால்தான் கொட்டேஷனில் தெரிந்ததைவிடப் பெரிய விஷயம்.

சரி, எண்கள் இவ்வளவுதான். மேசையில் பரப்பிய தாள்களில் எனக்கு உண்மையில் உதவியது வாரண்டி எதற்கு உண்டு என்ற பகுதி அல்ல. எதற்கெல்லாம் கிடையாது என்ற விலக்குப் பட்டியல். அதுதான் ஒரு பொருளின் ஜாதகம். எந்தக் கட்டத்தில் கண்டம் இருக்கிறது என்று தயாரித்தவனே எழுதிக் கொடுத்திருக்கிறான். மூன்று ஜாதகத்தையும் பக்கத்தில் வைத்து நம் வீட்டுச் சுவரோடு பொருத்தம் பார்க்க வேண்டியதுதான்.

வினைலின் கண்டம் சூடு. விலக்குப் பட்டியலில் பார்பிக்யூ அடுப்பு இருக்கும், தீ இருக்கும், அதற்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் "ஜன்னல் முதலிய பரப்புகளிலிருந்து பிரதிபலிக்கும் வெப்பம்" என்று ஒரு வரி இருக்கும். இதை நான் வெறும் தாளில் படிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் மதுரைக்கார அண்ணன் ஒருவரின் வீட்டுப் பக்கச் சுவரில் பார்த்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வரிசைப் பலகை ஒரு சாய்ந்த பட்டையாக நெளிந்து, சுருங்கி, வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி போல இறங்கி இருந்தது. தீப்பிடித்த அடையாளம் எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலெல்லாம் புதிதாக மாற்றியிருந்தார். இப்போது வரும், வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் லோ-ஈ பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே உள்ள காற்றழுத்தம் குறையும்போது கண்ணாடி லேசாக உள்வாங்கிக் குழி ஆடி மாதிரி ஆகிவிடும். சாயங்கால வெயில் அதில் பட்டு ஒரு கோடாகக் குவிந்து எதிர்ச்சுவரில் நகரும். வினைல் 160 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். குவிந்த வெயிலுக்கு அது ஒரு பெரிய சூடே இல்லை.

அண்ணன் போட்டிருந்ததும் லைஃப்டைம் வாரண்டிதான். கம்பெனியிலிருந்து மரியாதையாக ஒரு கடிதம் வந்தது, அந்த விலக்கு வரியைச் சுட்டிக்காட்டி. "தம்பி, கண்ணாடி அவன் வீட்டுது, சுவரு என் வீட்டுது, வெயிலு பொதுச் சொத்து. யாரு மேல கேஸ் போடுறது?" என்று சிரித்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரே இறங்கி வந்து ஜன்னலுக்கு வெளியே முழு நீள வலை போட்டுக் கொடுத்தார். வெளிச்சம் சிதறிவிட்டது, பிரச்சினை தீர்ந்தது. பலகை மாற்றிய செலவு அண்ணனுடையது.

வினைலில் இன்னொன்று, நிறம். மங்கினால் மாற்றித் தருவோம் என்று எழுதியிருக்கும். எவ்வளவு மங்கினால்? அதற்கு 'டெல்ட்டா ஈ' என்று ஓர் அலகு வைத்திருக்கிறார்கள், கருவியால் அளப்பது. குறிப்பிட்ட எண்ணைத் தாண்டாத மங்கலெல்லாம் 'இயல்பான வெளிறல்'. உங்கள் கண்ணுக்கு எவ்வளவு அசிங்கமாகத் தெரிந்தாலும் கணக்கில் வராது. அப்படியே மாற்றித் தந்தாலும் புதுப் பலகையும் பழைய பலகையும் ஒரே நிறமாக இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. அந்த நிறத்தையே நிறுத்திவிட்டால் கிட்டத்தட்ட ஒத்த வேறொன்றைத் தரும் உரிமையையும் கம்பெனி கையிலேயே வைத்திருக்கும்.

ஆனால் வினைலைக் குறைத்துச் சொல்ல மனமில்லை. பெயிண்ட் தேவையில்லை, ஹோஸ் பிடித்துக் கழுவினால் போதும், கறையான் பயமில்லை. எதிரே கண்ணாடி இல்லாத வீடு, பத்து வருடத்துக்குள் விற்கும் எண்ணம், கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் நானே வினைல்தான் சொல்வேன். எங்கள் கிழக்குச் சுவர்தான் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதற்கு நேர் எதிரே பக்கத்து வீட்டின் மேற்கு ஜன்னல்கள், ஆறு. மேற்கு வெயில் முழுவதும் அவற்றில் பட்டு எங்கள் சுவருக்குத்தான் திரும்பும்.

மரப்பலகைக்குக் கண்டம் ஈரம். மரப்பலகை என்றதும் எனக்குக் கொஞ்சம் பயம், காரணம் அந்த ரஸ்க். 1990-களில் இந்த வகைப் பலகைகள் அமெரிக்கா முழுக்க ஊறிப் போய் வழக்குகள் நடந்தன. எல்பியின் பழைய இன்னர்சீல் பலகைக்கு 1996-ல் கூட்டு வழக்கில் சமரசம் ஆயிற்று. மேசனைட் ஹார்ட்போர்டுக்கு 1998-ல். அந்தச் சமரசங்களில் பணம் கேட்கும் கெடுவெல்லாம் முடிந்து பல காலம் ஆகிறது. எங்கள் வீட்டுப் பலகை யாருடையதாக இருந்தாலும் இனி கேட்க இடமில்லை. இன்றைய ஸ்மார்ட்சைடு 1997-ல் வந்தது, துத்தநாக போரேட் கலந்து பூஞ்சைக்கும் கறையானுக்கும் பதப்படுத்தியது. பழைய பாவத்தை இதன் மேல் சுமத்துவது நியாயமில்லை. ஆலங்கட்டி மழைக்குக்கூட, 1.75 அங்குல விட்டம் வரையிலான கல்லுக்கு, வாரண்டி தருகிறார்கள். டெக்சாஸ், கொலராடோ பக்கம் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஜாதகம் என்ன சொல்கிறது? வெட்டிய ஒவ்வொரு ஓரத்தையும் பெயிண்டாலோ சீலராலோ மூட வேண்டும். பலகை முனைகளுக்கு நடுவே 3/16 அங்குல இடைவெளி விட வேண்டும். தரையிலிருந்து 6 அங்குலம் மேலே இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அது 'முறையற்ற பொருத்தல்', வாரண்டி இல்லை. மரப்பலகைக் காண்ட்ராக்டரிடம், வெட்டிய ஓரங்களுக்கு உங்கள் ஆட்கள் என்ன பூசுவார்கள் என்று கேட்டேன். தோளைக் குலுக்கி, அதெல்லாம் கடைசியில் பெயிண்டர் பார்த்துக்கொள்வார் என்றார். பலகையை மாட்டி முடித்த பிறகு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி மறைந்திருக்கும் ஓரத்தைப் பெயிண்டர் எப்படிப் பார்த்துக்கொள்வார்? பொருள் நல்ல பொருள்தான். இந்த ஆள் கையில் அதன் 50 வருடம் முதல் நாளே செத்துவிடும்.

ஃபைபர் சிமெண்டுக்கு வெயிலும் கறையானும் பொருட்டில்லை, தீயும் பிடிக்காது. கனம் அதிகம், வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலுக்கு ஆகாது, ஆகவே கூலியும் கூடுதல். அதன் கண்டம் இடைவெளிகளில் இருக்கிறது. தரையிலிருந்து 6 அங்குலம், கூரையும் மரத்தளமும் சுவரைத் தொடும் இடத்தில் ஓரிரண்டு அங்குலம் விட வேண்டும். பெயிண்ட் அடிக்காத, பிரைமர் மட்டும் பூசிய பலகை வாங்கினால் 180 நாளுக்குள் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஃபேக்டரியிலேயே நிறம் பூசிய கலர்பிளஸ் வாங்கினால் அந்தப் பூச்சுக்குத் தனியாக 15 வருடம். 30 வருடம் பலகைக்கு, 15 வருடம் நிறத்துக்கு. ஒரே பலகைக்கு இரண்டு வாரண்டி. பூச்சு வாரண்டியை உரிதல், வெடித்தல், சில்லு பெயர்தல் என்றுதான் விளம்பரப்படுத்துகிறார்கள். வெளிறுவது பற்றி அந்த வரியில் பேச்சில்லை.

ஃபைபர் சிமெண்ட் என்றாலே கவலையில்லை என்று நினைத்துவிடவும் கூடாது. செர்ட்டன்டீட் கம்பெனியின் வெதர்போர்ட்ஸ் ஃபைபர் சிமெண்ட் பலகைகள் சுருங்கி, வளைந்து, வெடித்ததாக வழக்கு நடந்து 10 கோடி டாலருக்கும் மேல் சமரசத் தொகை ஒதுக்கினார்கள். 2014-ல் அந்தத் தொழிலையே இன்னொருவருக்கு விற்றுவிட்டார்கள். வாரண்டி கொடுப்பவன் முப்பது வருடம் இருப்பானா, இருந்தாலும் அந்தப் பொருளைச் செய்துகொண்டிருப்பானா என்பதும் வாரண்டியின் ஒரு பகுதிதான், அச்சில் வராத பகுதி.

தேவதாரு மரம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரே வரி: அழகு, ஆனால் வாரண்டி பற்றிப் பேச அங்கே அதிகம் ஒன்றுமில்லை. பெயிண்ட் தூரிகையோடு நீங்களே வாரண்டி.

இனி, மூன்றிலும் பொதுவாக வரும் அந்த 'முறையற்ற பொருத்தல்'. தயாரித்தவன் பலகைக்கு மட்டும் பொறுப்பு. அடித்தவன் வேலைக்கு மட்டும் பொறுப்பு. சுவரில் தண்ணீர் இறங்கினால் தயாரித்தவன் அடித்தவனைக் காட்டுவான், அடித்தவன் பலகையைக் காட்டுவான். அதனால் காண்ட்ராக்டர் எழுத்தில் தரும் வேலை வாரண்டியையும் கம்பெனி வாரண்டிக்குச் சமமாக வைத்துப் படியுங்கள். எங்களுக்கு வந்த மூன்றில் ஒன்று 1 வருடம், ஒன்று 2, ஒன்று 10. வட கரோலினாவில் 40,000 டாலருக்குக் குறைந்த வேலைக்கு ஜெனரல் காண்ட்ராக்டர் லைசென்ஸ் கட்டாயமில்லை. சைடிங் வேலை பல வீடுகளில் அதற்குள்ளேயே முடிந்துவிடும். லைசென்ஸ் இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ள முடியாது, கேட்கத்தான் வேண்டும்.

எழுத்தில் என்றால் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு இந்த மாநிலத்திலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. இங்கே கட்டட வேலைக் குறைக்கு வழக்குப் போட 6 வருடம் என்று ஒரு மேல்வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் பொதுவாகக் கதவு மூடிவிடும். ஒரு வீட்டின் வெளிச்சுவர்ப் பூச்சில் தண்ணீர் இறங்கியது, கண்டுபிடித்தபோது 6 வருடம் கடந்துவிட்டது. ஆனால் பூச்சைத் தயாரித்தவர்கள் 20 வருட வாரண்டி என்று அறிவித்திருந்தார்கள். 2014-ல் வட கரோலினா உச்ச நீதிமன்றம், 20 வருடம் என்று வாக்குக் கொடுத்த பிறகு 6 வருடக் கெடுவின் பின்னால் ஒளிய முடியாது என்ற பொருளில் தீர்ப்பளித்தது. கெடு முடிந்த பிறகும் அந்த வீட்டுக்காரர்களுக்குத் திறந்திருந்தது அந்த வாரண்டி வழி மட்டும்தான்.

புது வீடு வாங்குபவர்களுக்குக் கதை கொஞ்சம் வேறு. பில்டர் கொடுக்கும் வாரண்டி இங்கே வழக்கமாக வேலைக்கு 1 வருடம், குழாய், மின்சாரம் போன்றவற்றுக்கு 2, கட்டமைப்புக்கு 10. கனடாவின் ஒன்டாரியோவில் புது வீடுகளுக்கு டாரியன் வாரண்டி இருக்கிறது. அங்கே வெளிச்சுவர் உறை கழன்றாலோ நகர்ந்தாலோ சிதைந்தாலோ 2 வருடம் வரை பில்டர் பொறுப்பு. ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் புது வீட்டில் குடியேறியவர்கள் அந்த இரண்டாம் வருடம் முடிவதற்குள் ஒரு தடவை வீட்டைச் சுற்றி வந்து, நான்கு சுவரையும் படம் எடுத்து, இருப்பதை எழுதிப் போட்டுவிடுங்கள். புயலில் பறந்த பலகை பெரும்பாலும் வாரண்டியில் வராது, வீட்டு இன்சூரன்ஸில்தான் கேட்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான வாசலில் நின்று நாளைக் கடத்துபவர்கள் நிறைய.

நாங்கள் கடைசியில் நிறம் பூசிய ஃபைபர் சிமெண்ட் எடுத்தோம். 30 வருடம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அந்தக் காண்ட்ராக்டர். முதல் நாள் வந்தபோதே வண்டியிலிருந்து ஒரு கை அகல உலோகத் தகடு ஒன்றை எடுத்துக் காட்டினார். இரண்டு பலகை முட்டும் இடத்துக்குப் பின்னால் இதை வைப்பேன், அங்கே இடுக்கை அடைக்கும் காக் பசை அடிக்க மாட்டேன் என்றார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். வேலை வாரண்டி 10 வருடம் என்றவரும் அவர்தான். விலையில் மூன்றிலும் அவர்தான் அதிகம்.

வேலை நடந்த ஆறு நாளும் நான் பாதி நேரம் வாசலில்தான். முன்பக்கத் திண்ணைக் கூரை சுவரைத் தொடும் இடத்தில் பையன் ஒருவன் பலகையைக் கூரை ஓட்டோடு ஒட்டி வைத்துவிட்டான். பார்க்க அழகாக, இடுக்கே இல்லாமல் இருந்தது. மேஸ்திரி வந்து டேப்பை வைத்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, பலகையைக் கழற்றி 2 அங்குலம் வெட்டி, வெட்டிய ஓரத்தில் நிறம் பூசி, காய்ந்த பிறகு திரும்ப மாட்டினார். மாட்டும் முன் அந்த ஓரத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படம், ரசீது, பலகைக் கட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டு, அன்றைய தேதியில் இருந்த வாரண்டியின் முழுப் பிடிஎஃப் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. மிஞ்சிய நான்கு பலகைகளை மேஸ்திரி குப்பை வண்டியில் ஏற்றப் போனார். வேண்டாம் என்று கேரேஜ் பரணில் போட்டு வைத்திருக்கிறோம். நிறம் நின்றுபோனால் கம்பெனியிடம் இல்லாவிட்டாலும் நம்மிடம் நான்கு இருக்கும்.